பாம்புக்கு நேர்ந்த வெள்ளிக் கண்கள்

அண்ணா வீட்டை விட்டுப் போனபோது உடுப்புகளை எடுத்துக்கொண்டான், கணினியை எடுத்துக்கொண்டான், சுவரில் ஒட்டியிருந்த படங்களைக்கூட ஒவ்வொன்றாக உரித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டான். பாம்பை மட்டும் விட்டுவிட்டுப் போனான். கொப்பன்ஹேகனில் அவன் தங்கப்போன இடம் ஒரு நண்பனின் வீடு. அந்த நண்பனின் தாய்க்குப் பாம்பென்றால் பயமாம். எங்கள் அம்மாவுக்குப் பயமில்லையா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவிடம் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

நாங்கள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிற வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இருந்தவர்களை எழுப்பி, குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, அவர்கள் திட்டுகிற திட்டையும் வாங்கிக்கொண்டு, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து சேருவார். வந்ததும் நேரே குசினியில் சமையல். குளிர்காலத்தில் அவர் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அந்த நாட்களின் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகமல்ல, கதிரையில் உட்காரும்போது அவர் விடுகிற மூச்சு. இப்போது புரொண்பியில் என் சின்ன வீட்டுக்கு வேலை முடிந்து வந்து உட்காரும்போது எனக்கும் அதே மூச்சு வருகிறது. எங்கே பழகினேன் என்று யோசிக்கத் தேவையில்லை.

பாம்பு என்றதும் நாகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது சோளப்பாம்பு. பெயர்தான் அப்படி, சோளம் தின்னாது. செம்மஞ்சள் நிறம், முதுகில் சிவப்புத் திட்டுகள், அப்பாவின் பெருவிரல் தடிப்பு. விஷமில்லை, சீறாது, எங்கள் வீட்டில் கோபமே வராத ஒரே ஆள் அதுதான். கடையில் உறைய வைத்து விற்கிற சின்ன எலிகளை அண்ணா வாங்கி வந்து ஃபிறீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அம்மா அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை இரண்டு பைகளுக்குள் சுற்றி, இனி இதைத் திறக்கிற கையால் வேறொன்றையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை என்பதால் பாம்புக்கும் வெள்ளிக்கிழமை எலி இல்லை. கந்தசஷ்டிக்கு அதுவும் எங்களோடு சேர்ந்து விரதம் இருந்தது. பாம்புகள் கிழமைக்கு ஒருமுறை தின்றாலே போதும் என்பதால் அது ஒன்றும் மெலியவில்லை.

அண்ணா போனதற்குக் காரணம் பாம்பல்ல, ஆனால் பாம்பில்தான் தொடங்கியது. படிப்பை முடித்துவிட்டு அவன் பல்கலைக்கழகத்துக்குப் போவான், டொக்டராக இல்லாவிட்டாலும் பொறியியலாளராகவாவது வருவான் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அண்ணாவோ மிருகங்களைப் பராமரிக்கிற தொழில் படிக்கப்போகிறேன் என்று வந்து நின்றான். "டென்மார்க்குக்கு வந்து, ரெண்டு பேரும் முறிஞ்சு படிப்பிச்சு, என்ர பிள்ளை யானைக்குச் சாணி அள்ளப் போறானோ?" என்று அப்பா கேட்டார். அண்ணா, "ஓம், அள்ளுவன்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. கொஞ்சக் காலம் ஒரே மேசையில் முகம் பாராமல் சாப்பிட்டார்கள், பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணா ரயில் ஏறிவிட்டான்.

போனவன் தானாகப் போன் எடுக்கவில்லை. அம்மா அவனுக்கு அழைத்தால் வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்பான். அந்தப் பிறகு வராது. அம்மா அண்ணாவின் அறையில் பாம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறேன் என்று போய் நெடுநேரம் நிற்பார். பாம்பைத் தொடமாட்டார். தண்ணீர் மாற்றுவதும் எலியை இடுக்கியில் பிடித்துக் கொடுப்பதும் பத்து வயதுக்காரியான என் வேலை. அதில் எனக்குப் பெருமை வேறு.

மார்கழி மாதம் குளிர் இறுகியபோது அம்மாவுக்குப் பாம்பின்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஊரில் வெயிலில் கிடக்கிற சீவன், இந்தக் குளிரில் விறைத்துச் சாகப்போகிறதே என்று சொல்லி, அப்பாவைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியைச் சுவர் ஹீட்டருக்கு ஒட்டினாற்போல் நகர்த்தினார். அப்பா பாம்பின் பக்கம் திரும்பாமலே மற்ற முனையைத் தூக்கினார். தண்ணீர்ச் சட்டியையும் அம்மா சின்னதாக மாற்றிவிட்டார். பெரிய சட்டிக்குள் கிடந்து சளி பிடித்துவிடுமாம். அது டென்மார்க்கில் பிறந்த பாம்பு, அதன் தாயும் டென்மார்க்கில் பிறந்தது என்று நான் சொன்னேன். "நீயும் இஞ்ச பிறந்தனிதானே, உனக்குச் சளி பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

கொஞ்ச நாளில் பாம்பு சாப்பிட மறுத்தது. மூலைக்குள் சுருண்டு கிடந்தது. நிறம் மங்கியது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது அதன் இரண்டு கண்களும் நீலம் கலந்த பால்போல மாறியிருந்தன. கறுப்பு மணியாக இருந்த கண்கள் இருந்த இடமே தெரியவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதியோர் இல்லத்தில் கண் புரை விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பாம்பு குருடாகிவிட்டது. அதுவும் தன் கையில் இருந்தபோது.

"அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவாமி அறைக்குப் போய் விளக்கேற்றி, ஊரில் இருக்கிற நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பாம்பின் கண்ணைத் திருப்பித் தந்தால் வெள்ளியில் இரண்டு கண் செய்து அம்மன் காலடியில் போடுவதாக நேர்த்தி. கண்ணில் நோய் வருத்தம் வந்தால் வெள்ளிக் கண் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். மனிதருக்குத்தான் போடுவார்கள். ஆனால் அந்த அம்மனுக்குப் பாம்பு குடைபிடிக்கிறது, பாம்புக்காகக் கேட்டால் தட்டமாட்டாள் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

வெள்ளிக் கண்களை அனுப்பச் சொல்லி யாழ்ப்பாணத்தில் இருந்த சின்னம்மாவிடம் போனில் சொன்னார். யாருக்கு என்ன வருத்தம் என்று சின்னம்மா பதறிப்போய்க் கேட்டார். அம்மா, "வீட்டில ஒரு ஆளுக்கு" என்றார்.

அம்மன் தாமதிக்கவில்லை. கிழமை முடிவதற்குள் பாம்பின் கண்கள் தெளிந்துவிட்டன. பழையபடி கறுப்பு மணிகள். அம்மா அண்ணாவுக்குப் போன் எடுத்தார். வேலையில் நிற்கிறேன் என்று அவன் தொடங்குவதற்குள், "தம்பி, உன்ர பாம்புக்குக் கண் போய்த் திரும்பி வந்திருக்கு" என்றார். அண்ணா போனை வைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தான்.

"அம்மா, அது சட்டை கழட்டப் போகுது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையில தண்ணி ஊறும், அதுதான் கண் அப்பிடித் தெரியிறது. பிறகு தானாத் தெளியும். அதுக்கு அம்மன் தேவையில்லை."

"தேவையில்லாட்டியும் செய்திருக்கிறா" என்றார் அம்மா.

பாம்பு இனி இரண்டொரு நாளில் தோலை முழுதாகக் கழற்றும், காலுறையைக் கழற்றுகிறமாதிரி மூக்கில் தொடங்கி வால்வரை ஒரே துண்டாக வரும், அதைப் பார் என்று அண்ணா என்னிடம் சொன்னான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே துண்டாக வரவில்லை. ஹீட்டரின் சூட்டில் பெட்டிக்குள் காற்று அப்பளம்போலக் காய்ந்திருந்தது. தோல் துண்டு துண்டாகக் கிழிந்து, பாதி உடம்பில் ஒட்டியபடி கிடந்தது. அம்மா அதைக் கண்டு மனம் பொறுக்காமல், சனிக்கிழமை எங்கள் தலையில் தேய்க்கிற நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு அதன் முதுகிலும் பூசிவிட்டார். முதல் தடவையாகப் பாம்பைத் தொட்டது அன்றைக்குத்தான். "குளிர்மையாத்தான் கிடக்கு, பாவம்" என்றார். அன்றிரவு அண்ணாவே போன் எடுத்தான். எண்ணெய்க் கதையை நான் சொன்னதும், "அம்மா, அது தோசைக் கல்லில்லை" என்று கத்தினான். அம்மாவுக்கு அவன் கத்தியது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.

உடம்பில் ஒட்டிய துண்டுகள் மெல்ல மெல்ல விழுந்துவிட்டன. இடது கண் மட்டும் தெளியவில்லை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடிபோல ஒரு செதில் இருக்கும். தோல் கழறும்போது அதுவும் சேர்ந்து கழறவேண்டும். இடது கண்ணில் பழைய செதில் அப்படியே ஒட்டிப்போய், சுருங்கி, தூசி படிந்த மூக்குக்கண்ணாடிமாதிரிக் கிடந்தது. நான் அதைப் படம் எடுத்து, அம்மாவின் கைபேசியிலிருந்து அண்ணாவுக்கு அனுப்பினேன். நகத்தால் கிள்ளி எடுக்கட்டா என்று கேட்டேன். கையை வைத்தால் உள்ளே இருக்கிற நல்ல கண்ணும் சேர்ந்து வந்துவிடும், ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமையே ரயிலேறி வந்துவிட்டான்.

போன பிறகு அண்ணா வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா வேலையில் ஆள் மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றார். நண்டுக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். அண்ணா சப்பாத்தைக் கழற்றியதும் நேரே பாம்பிடம் போனான். அதைக் கையில் சுற்றிக்கொண்டு சின்ன லைற் அடித்துக் கண்ணைப் பார்த்தான். பெட்டியை ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்தான். பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றின் மூடியில் ஓட்டை வெட்டி, உள்ளே ஈரப் பாசியை நிரப்பி, பாம்பு புகுந்து கிடக்க ஒரு குகை செய்தான். பாசி காயக்கூடாது, தினமும் தண்ணீர் தெளிக்கவேண்டும், அடுத்த முறை சட்டை கழற்றும்போது இந்தச் செதிலும் சேர்ந்து வரும், பொறுமையாக இருந்தால் சரி என்று எனக்கு விளங்கப்படுத்தினான். நான் டெனிஷ் மொழியில் கேள்வி கேட்க, அவன் டெனிஷில் பதில் சொல்ல, அம்மா இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

சாப்பாட்டு மேசையில் அப்பா நெடுநேரம் நண்டுக் காலையே உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தட்டைப் பார்த்தபடி, "என்னவாம் பாம்பு?" என்று கேட்டார்.

"கண்ணில பழைய தோல் ஒட்டியிருக்கு அப்பா. மாறும்" என்றான் அண்ணா.

"ம்" என்றார் அப்பா. அதோடு முடிந்தது. ஆனால் அம்மா எழுந்து குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் கேட்டுப் போனபோது முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அண்ணா, தனக்குத் தனி அறை ஒன்று கிடைத்துவிட்டது, அங்கே பாம்பு வைத்திருக்கலாம் என்று சொன்னான். "கண் சரியானதும் வந்து கொண்டு போறன். இப்பிடி இருக்கேக்க தூக்கி அலைச்சால் அது தாங்காது."

"ஓம், சரியாகட்டும்" என்றார் அம்மா.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் வந்தது. வேறு எதையும் அண்ணா கேட்கமாட்டான். கண் எப்படி, பாசி ஈரமா, என்ன தின்றது, படம் அனுப்பு. அம்மா ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் சொல்லுவார். பாம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய், நீ சாப்பிட்டியோ, குளிருக்குத் தொப்பி போடுறியோ, முதுகுவலி எப்படி என்று இடையில் ஒன்றை நுழைத்துவிடுவார். அண்ணாவும் கவனியாமல் பதில் சொல்லிவிடுவான். காலை வேலைக்கு இருட்டோடு எழும்புகிற அம்மா, எழும்பியதும் முதலில் போய்ப் பாசிக்குத் தண்ணீர் தெளித்தார். ஈரம் காய்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. உதட்டையும் கண்ணையும் ஈரமாக வைத்திருப்பது அவருடைய வேலையில் நாள்முழுக்கச் செய்கிற காரியம். வீட்டுக்கு வந்தும் அதையே செய்தார். அலுத்துக்கொள்ளவில்லை. என் மேல், அப்பா மேல், குளிர் மேல், எல்லாவற்றின் மேலும் அலுத்துக்கொண்டவர் பாம்பில் மட்டும் அலுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை பாம்பு சட்டை கழற்றியபோது உடம்பு முழுதும் ஒழுங்காக வந்தது, இடது கண்ணில் மட்டும் செதில் நின்றுவிட்டது. அண்ணா மறுபடியும் வந்தான். இந்த முறை அப்பா ரயில் நிலையத்துக்குக் காரில் போய் அவனைக் கூட்டி வந்தார். வழியில் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. வீட்டுக்குள் வரும்போது இரண்டு பேரும் யானை எவ்வளவு தின்னும் என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அன்றைக்கு இரண்டு கறி கூடச் சமைத்தார். நான் அம்மாவிடம் பாம்பு குணமாகாதோ என்று அழுவாரைப்போலக் கேட்டபோது, "அவசரப்படாதை பிள்ளை" என்றார். அவருக்குக் கொஞ்சமும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

பனி கரைந்து கீழே புல்லில் மஞ்சள் பூக்கள் வந்திருந்த காலத்தில், ஒரு பின்னேரம் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே முழுச் சட்டை கிடந்தது. தலைப்பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கண்களின் இடத்திலும் இரண்டு வட்டச் செதில்கள். இடதுபக்கத்துச் செதில் தடித்திருந்தது. பழையதும் புதியதும் ஒன்றாகவே கழன்றிருந்தன. பாம்பு பாசிக்குள் இருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது. இரண்டு கண்ணும் பளபளத்தன. நான் கத்திய கத்தலில் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லது" என்றார். பிறகு, "அண்ணாவுக்கு இப்ப சொல்லாதை. அவனுக்குச் சோதினை நேரம். குழப்பக்கூடாது" என்றார்.

பரீட்சை என்றால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணா போன் எடுத்தான். அம்மா, "இன்னும் அப்பிடியேதான் கிடக்கு தம்பி" என்றார். படம் கேட்டான். அம்மாவுக்குக் கைபேசியில் படம் அனுப்பத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளித் தேடி, மாசி மாதம் நான் எடுத்த பழைய படத்தை அனுப்பினார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் சின்னம்மா வெள்ளிக் கண்களைக் கொடுத்துவிட்டிருந்தார். மெல்லிய தகட்டில் அழுத்திய இரண்டு கண்கள், பெருவிரல் நகத்தளவு. நேர்த்தியைத் தள்ளிப்போடக்கூடாது, எங்கே போட்டாலும் அம்மன் அம்மன்தான் என்று அம்மா எங்களை டென்மார்க்கிலேயே இருக்கிற அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அர்ச்சனைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பாம்புக்கு நட்சத்திரம் என்ன என்று எனக்குப் பெரிய யோசனை. அம்மா தயங்கவில்லை, அண்ணாவின் பெயரையும் அண்ணாவின் நட்சத்திரத்தையும் சொன்னார். கண் குணமானது பாம்புக்கு, அர்ச்சனை அண்ணாவுக்கா என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மனை ஏமாற்றுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குப் பாம்பின்மேல் ஆசை வந்துவிட்டது. அதைக் கொடுக்க மனமில்லை. அதனால்தான் இன்னும் குணமாகவில்லை என்கிறார். அது எனக்கும் பிடித்திருந்தது, எனக்கும் பாம்பைக் கொடுக்க மனமில்லை. அம்மாவும் நானும் ஒரே கட்சி என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

ஆனால் மூன்றாவது ஞாயிறு அண்ணாவின் குரல் மாறியிருந்தது. இவ்வளவு நாளாக ஒட்டியிருந்தால் உள்ளே பழுத்துக் கண் போய்விடும், வைத்தியரிடம் கேட்டேன், வெட்டித்தான் எடுக்கவேண்டுமாம், என்னால்தான் எல்லாம், விட்டுவிட்டு வந்திருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனவன் பேச்சை நிறுத்தினான். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணா அழுது நான் கேட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்குக் கிட்டப் போய் டெனிஷில் சொன்னேன்: அது பழைய படம், கண் எப்போதோ தெளிந்துவிட்டது, முழுச் சட்டையும் என்னிடம் இருக்கிறது.

அம்மா என்னை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

அந்தக் கிழமை முடிவில் அண்ணா நண்பனின் காரில் வந்தான். பாம்பைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். கோபமாக இருக்கவில்லை. "என்னம்மா இது?" என்று மட்டும் கேட்டான்.

அம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை தம்பி. பழசு எது, புதுசு எது எண்டு விளங்கேல்லை."

அண்ணாவின் முகம் வெளிறிவிட்டது. எவ்வளவு நாளாக, வாசிக்கும்போதா, சைக்கிள் ஓடும்போதா, ஏன் சொல்லவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனான். சொல்ல என்ன இருக்கிறது, வயது போகிறது என்றார் அம்மா. அண்ணா அங்கேயே நின்று கண் பரிசோதிக்கிற கடைக்குப் போன் எடுத்து, அம்மாவின் பெயரில் நேரம் எடுத்துவிட்டான். நீ கூடப் போய் வடிவாக மொழிபெயர்க்கவேண்டும் என்று எனக்கும் உத்தரவு. பிறகு கண்ணாடிப் பெட்டியை அப்பாவும் அவனுமாக ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். இந்த முறை அப்பா பாம்பைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினார். அம்மா ஒரு பையில் எலிப்பெட்டியையும் இன்னொரு பையில் கணவாய்க்கறியையும் வைத்து, எது எது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கார் போன பிறகு அண்ணாவின் அறை பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. அம்மா ஹீட்டரை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குப் பாம்பு போன கவலை, அம்மாவுக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கண்ணைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். அவர் சைக்கிளில் போகும்போது யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கண் பரிசோதனைக்குப் போன நாளில் அவர் கையைப் பிடித்துத்தான் வீதியைக் கடக்க வைத்தேன். அம்மா பேசாமல் கையைத் தந்தார். உள்ளே ஒரு இளம் டெனிஷ் பெண் விளக்கை அடித்து, எழுத்துகளைக் காட்டி, கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அம்மா ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டு வந்தார், கடைசி வரியில் எனக்கே தெரியாத சின்ன எழுத்தையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் சிரித்தாள். வாசிக்க வைத்திருக்கிற கண்ணாடி போதும், வேறு ஒரு குறையும் இல்லை, திரும்ப வரத் தேவையில்லை என்றாள்.

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. "அம்மா, உங்கட கண்ணில ஒரு பிரச்சினையும் இல்லையாம். இனி வரத் தேவையில்லையாம்" என்றேன்.

"ஓம் பிள்ளை, கேட்டது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனி அண்ணா எடுக்கமாட்டான், கேட்பதற்குத்தான் இங்கே பாம்பில்லையே என்று நான் நினைத்திருந்தேன். போன் அடித்தது. நான் எடுத்தேன். அண்ணா எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், அம்மாவிடம் குடு என்றான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"கண் டொக்டர் என்ன சொன்னவை அம்மா?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "உடனே ஒண்டும் சொல்ல ஏலாதாம் தம்பி" என்றார். "இன்னும் ஒருக்கா வரச் சொல்லியிருக்கினம்."

அண்ணா பதறிப்போய் என்னவோ கேட்டான். அம்மா ஆறுதலாகப் பதில் சொல்லத் தொடங்கினார். நான் திருத்திச் சொல்ல எழும்பினேன். அப்பா என் தோளில் கையை வைத்து, "நீ இரு பிள்ளை, அம்மா கதைக்கட்டும்" என்றார்.

நான் இருந்துவிட்டேன். அம்மாவுக்கு டெனிஷ் அவ்வளவு விளங்காது, நான் தமிழில் சொன்னதும் வேலைக் களைப்பில் மறந்துபோய்விட்டது, பாவம். அடுத்த முறை இன்னும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.